ஐந்து விநாடிக்கு ஒரு மூச்சு

லாரி ஒன்று குறுக்கே கவிழ்ந்து கிடந்ததால், ஆம்புலன்ஸ் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது.

நேரம் பார்த்து, மூச்சு கொடுக்கும் இயந்திரமும் கையை விரித்தது.

நர்ஸ் இயந்திரத்தின் இணைப்பைக் கழற்றினாள். படுத்திருந்தவனின் தொண்டைக்குழாயில் ரப்பர் பையை மாட்டினாள். அமுக்கினாள். விட்டாள். ஐந்துவரை எண்ணி மறுபடி அமுக்கினாள்.

பாம்பின் விஷம் அவன் தசைகளை ஒவ்வொன்றாகக் கட்டிப்போட்டிருந்தது. முதலில் இமை, பிறகு நாக்கு, கடைசியில் நெஞ்சு. இதயம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மருந்து வேலை செய்யும்வரை அவனுக்காக யாராவது மூச்சுவிட்டாக வேண்டும்.

கூட வந்த அண்ணன் பளுதூக்கும் வீரன். நூற்றெண்பது கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்துகிறவன். தம்பியின் காலைக் கட்டிக்கொண்டு கத்தியபடி, அவளுடைய மணிக்கட்டையே பார்த்தான். ஊதினால் பறந்துவிடும் உடம்பு.

இருபது நிமிடம் ஆயிற்று. அந்தக் கையின் வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

"கை விட்டுப்போச்சு சார். கொஞ்ச நேரம் நீங்க பிடிங்க," என்றாள்.

பிடித்தான். அவள் குழாயைத் தாங்கிக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் முழுதாக விடச் சொன்னாள். விட்டால்தான் தம்பிக்குக் காற்று வெளியேறும், இவன் கைக்கும் ரத்தம் ஓடும்.

எட்டாவது நிமிடத்தில் முன்கை கல்லாக இறுகியது. பத்தாவதில் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே வீச்சில் எரித்துத் தீர்க்கப் பழகிய தசை அது. சிறுகச் சிறுகச் செலவழிக்கத் தெரியவில்லை.

பதினைந்தாவதில் அவளே வாங்கிக்கொண்டாள். பிறகு லாரி அகற்றப்பட்டு, ஆம்புலன்ஸ் பாலம் தாண்டி, நகரத்துக்குள் நுழையும்வரை ஒரு மணி நேரம், ஒரு மூச்சு பிசகவில்லை.

ஆஸ்பத்திரியில் தம்பியை உள்ளே கொண்டுபோனார்கள். வெகுநேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். இமை அசைகிறது, பிழைத்துக்கொள்வான் என்றார்.

அண்ணன் ஆம்புலன்ஸ் டிரைவரைத் தேடிப்போய்ச் சொன்னான். அந்தப் பெண் களைத்த நேரத்தில், கால்மணி நேரமாவது தன்னால் கைகொடுக்க முடிந்ததே என்றும் சொல்லி மனசை ஆற்றிக்கொண்டான்.

டிரைவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவங்களுக்கா களைப்பு? போன வருஷம் இன்னொருத்தருக்கு மூணு மணி நேரம் தனியாவே அமுக்குனவங்க சார் அவங்க. நீங்க தம்பி காலைக் கட்டிக்கிட்டு அலறுன அலறல்ல, முன் சீட்ல இருந்த எனக்கே கையும் ஓடல, காலும் ஓடல. உங்களுக்கு ஏதாவது வேலை கொடுக்கணும்ல?"