அவருக்குக் கிடைத்த சிறுமி

ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பச்சை அட்டை நோட்டை மேசை விளக்கின் கீழ் விரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார் என் கணவர். பக்கத்தில் டீயை வைத்தேன். திரும்பவில்லை.

மூன்று வாரமாக எங்கள் வீட்டில் ஒன்பது வயதுக்காரி ஒருத்தியின் ராஜ்யம்தான் நடக்கிறது.

பழைய பேப்பர் கடையில் நோட்டும் போட்டோவுமாகக் கட்டுக் கட்டாக வாங்கி வந்து, யாரோ தொலைத்த பால்யத்தை அதிலிருந்து பொறுக்கி எடுத்து, இணையதளமாகச் செய்வது இவர் கலை. திரையில் கிழிந்த போட்டோவைத் தொட்டால் ஒரு குரல் கேட்கும். பஸ் டிக்கெட்டைத் தொட்டால் மழை பெய்யும். எங்கெங்கிருந்தோ பாராட்டி எழுதுகிறார்கள். நானும் மெச்சிக்கொண்டுதான் இருந்தேன், இந்த நோட்டு வரும்வரை.

அதை எழுதிய ஒன்பது வயதுக்காரிக்கு எந்தக் கணக்கு வராது, எந்தத் தோழியோடு டூ, எந்தக் கதவைக் கண்டால் பயம், எல்லாம் இவருக்கு மனப்பாடம். பென்சில் சீவலைப் பூவாக ஒட்டியிருக்கிறாளாம். அதைத் தொடும்போது மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்கிறார்.

அவளுக்குக் காய்ச்சல் வந்த பக்கத்தைப் படித்துவிட்டு அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. போன மாதம் எனக்கு நாலு நாள் காய்ச்சல். மாத்திரை அலமாரியில் இருக்கிறது என்றார்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். சின்ன வயதில் நீ எப்படி இருந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வயிறு எரிந்தது. ஒரு குழந்தையைப் பார்த்தா வயிறெரிகிறோம் என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் எரிச்சல்தான் அதிகம்.

"ஊஞ்சல்லேர்ந்து விழுந்து தாடைக்குக் கீழ மூணு தையலாம், பாவம். இப்ப எங்க இருக்காளோ" என்றார், நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அம்மா வீட்டுப் பெட்டியிலிருந்து அந்த நோட்டை எடுத்து வந்து, என் பெயர் எழுதிய முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு, இவர் கட்டுக்குள் செருகியது நான்தான். பெயர் இல்லாமலே கண்டுபிடிக்கிறாரா பார்ப்போம் என்று ஓர் ஆசை. இரண்டாம் பக்கம் தாண்டுவதற்குள் பிடித்துவிடுவார் என்று நினைத்தேன்.

விளக்குக்கு முன்னால் குனிந்து, அவர் கண்ணுக்கு நேராக முகத்தை உயர்த்திக் காட்டினேன். தழும்பு அப்படியொன்றும் சின்னதில்லை.

நிமிர்ந்து, என்னை நன்றாகவே பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லேன். நோட்டுமேல உன் நிழல் விழுது."