ஐந்து நட்சத்திரச் சரிவு

பனிச்சரிவு வரும் என்று எச்சரித்துக்கொண்டிருந்த நிலையத்தை, சும்மா பயமுறுத்துகிறது என்று சொல்லி மூடிவிட்டார்கள். அதன்பிறகு ஒரு மலைச்சரிவு ஆபத்தானதா என்பதை, அதில் சறுக்கி இறங்கியவர்களே போன் செயலியில் நட்சத்திரம் போட்டு முடிவுசெய்தார்கள். புதைந்தவர்கள் போடவில்லை; ஆகவே எல்லாச் சரிவுகளும் அருமையாக இருந்தன.

கோவையிலிருந்து மணாலிக்குப் பனிச்சறுக்கு விளையாட வந்த குழுவில் நப்பின்னையும் அவள் கணவன் தில்லைராசனும் இருந்தார்கள். இருவரும் முதலில் மேலே ஏறினார்கள். புதுப் பனியில் கால் வைத்ததும் அடியில் தொம்மென்று சத்தம் கேட்டது.

"உள்ளுக்குள்ள பனி உடையுதுங்க. திரும்பிப் போயிரலாங்க."

"அத்தனை பேரும் அஞ்சு ஸ்டார் போட்டிருக்காங்க. உனக்கு மட்டுந்தான் தெரியுமாக்கும்?" என்று சிரித்துவிட்டு அவன் இறங்கினான். சரிவு மொத்தமும் அவனோடு சேர்ந்து இறங்கியது.

பனியில் புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் தேடுகருவி சுட்டிய இடத்தில் அவள் அழுதுகொண்டே தோண்டினாள். அவனுக்கு மூச்சு இருந்தது; கால் முறிந்திருந்தது. மீட்புக்காரர்கள் அவனை ஸ்ட்ரெச்சரில் கீழே கொண்டுவந்தபோது, குழுவின் மற்றவர்கள் மேலே கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"போகாதீங்க! பக்கத்துச் சரிவும் உடையும்!" என்று நப்பின்னை கத்தினாள்.

முன்னால் நின்றவர் போனைப் பார்த்தார். பிறகு தில்லைராசனைப் பார்த்தார்.

"சாருக்குச் சறுக்கத் தெரியலையாட்ட இருக்குது," என்றார். "கொஞ்சம் ஓரமாத் தூக்கிட்டுப் போங்க, நாங்க ஏறோணும்."