ஐந்தாவது தோல்

இதை எனக்கு முதலில் சொன்னவர், தம் பச்சோந்திக்கு இரையாக வீட்டிலேயே வெட்டுக்கிளிகளை வளர்த்த சகாயமேரி.

ஒரு நாள் அவர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெட்டுக்கிளி ஒன்றை எடுத்துப் பச்சோந்தியின் கூண்டில் விட்டார். தெளித்த நீர் பனிபோல் மிதக்க, விளக்கின் இளஞ்சூட்டில் இலைகள் உறங்குவன போல் இருந்தன. வெட்டுக்கிளியும் ஓர் இலையாகிக் கிடந்தது. பச்சோந்தி அசைவதை மட்டுமே உண்ணும். மாலைவரை மிஞ்சியதைச் சகாயமேரி பெட்டிக்கே திருப்பிவிடுவார்.

பச்சோந்தியின் ஒரு கண் மேலேயும் மற்றொரு கண் கீழேயும் மெல்லத் தேடின.

"எங்கே இருக்கிறீர், தம்பி?"

"சொல்ல மாட்டேன், ஐயா."

"நல்லது. நேற்று உம் பெட்டியிலிருந்து வந்தவர் உம்மைப் பற்றிச் சொன்னார். நான்கு முறை தோல் உரித்தவராமே?"

"ஐந்து!"

"நான்கு என்றுதான் சொன்னார். இன்னும் சிறு பிள்ளையாம்."

"அவனுக்குப் பொறாமை, ஐயா. ஐந்தாம் தோலைக் கழற்றிய பிறகுதான் எங்களுக்கு முழுச்சிறகு வரும். எனக்கு வந்துவிட்டது."

"இருக்கலாம். நான் பார்க்கவில்லையே."

வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. சகாயமேரியின் காலடி ஓசை கேட்டது. அவர் வந்து சேர இன்னும் நான்கைந்து அடிகளே இருந்தன.

வெட்டுக்கிளி இரு சிறகுகளையும் அகல விரித்தது. விளக்கொளி அவற்றினூடே பொன்னாகக் கசிந்தது.

நீண்ட நாக்கு போய்த் திரும்பியது.

பச்சோந்தி நிதானமாக மென்று விழுங்கியது. பின்னர், தான் குறைத்துச் சொன்ன ஒன்றைத் திருப்பித் தந்தது.

"ஐந்துதான், தம்பி."