வெயிலில் உப்பிய கதவு

"எத்தனை தடவை சொல்றது? வீட்டைத் துடைக்கச் சொன்னா கதவைக் குளிப்பாட்டி வச்சிருக்கே!"

உள்ளே வந்ததும் வராததுமாக ஈரமானி கத்தினார். தோளைக் கொடுத்து முட்டு முட்டென்று முட்டிய பிறகுதான் வாசல் கதவு அவரை உள்ளே விட்டிருந்தது.

"துணியை ஒட்டப் பிழிஞ்சுதாங்க துடைக்கிறேன்," என்றாள் மனைவி.

"பிழிஞ்ச லட்சணம்தான் தெரியுதே!"

ஈரமானி என்பது கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பட்டப்பெயர். கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் கூடத்தில் அவருக்கு வேலை. பலகையோ ஓடோ செங்கல்லோ, எது வந்தாலும் தண்ணீரில் ஊறப்போட்டு, எவ்வளவு குடித்தது, எவ்வளவு உப்பியது என்று அளந்து சொல்வார். ஊர்க் கதவுக்கெல்லாம் நற்சான்று கொடுக்கிறவரின் மானத்தை வீட்டுக் கதவே வாங்கினால் மனுஷன் என்ன செய்வார்? பெண்டாட்டியைத் திட்டினார்.

திட்டி முடித்ததும் யோசிக்க ஆரம்பித்தார். அந்த மட்டும் நல்ல மனுஷன்தான்.

மழை பெய்து மாதக்கணக்காகிறது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. மரத்தூளையும் பசையையும் சேர்த்து அழுத்திச் செய்த கதவு அது. ஈரம் ஏறினால் உப்பும், சரி. ஆனால் காற்றில் ஈரம் அதிகம் இருப்பது விடியற்காலையில். அப்போது கதவு சமர்த்தாகத் திறக்கிறது. காய்ந்து கிடக்க வேண்டிய சாயங்காலத்தில் போய் இறுகிக்கொள்கிறது. உலகத்துக்கே நேர்மாறாக ஒரு கதவா?

தூக்கம் வரவில்லை அவருக்கு. மறுநாள் லீவு போட்டார். பலகையின் ஈரத்தை அளக்கும் கருவி ஒன்று பையிலேயே இருந்தது.

"இன்னிக்கு சாயங்காலம் புதுக் கதவு வருதுப்பா," என்று காலையில் அப்பாவிடம் சொன்னார். "மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து வார்த்தது."

"அது தண்ணி குடிக்காதா?"

"நாள்கணக்கா ஊறப்போட்டுப் பார்த்துட்டேன். அசையவே இல்ல!"

அப்பாவின் முகம் வாடியது. பழைய கதவின் மேல் அவ்வளவு பாசமா என்று நினைத்துக்கொண்டார் ஈரமானி.

காலை வேளையில் அப்பாவுக்கு நினைப்பெல்லாம் தெளிவுதான். பொழுது சாய்ந்தால்தான் ஆள் மாறிவிடுவார். எப்போதோ விட்டு வந்த வேலைக்கு, "ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று கிளம்புவார். ஒருமுறை வெளியே போய், தெருத்தெருவாகத் தேட வைத்துவிட்டார். வீட்டுக்கு இருப்பதே அந்த ஒரு கதவுதான். அதற்குப் பூட்டுப் போட்டார் ஈரமானி. பூட்டே வேண்டாம் என்று மனைவி ஒற்றைக் காலில் நின்று அதைக் கழற்ற வைத்தாள். ஏன் என்று கேட்டால் வாயே திறக்கவில்லை.

ஈரமானி கருவியைக் கதவின் அடியில் வைத்து அழுத்தினார். முள் அசையவில்லை. நன்றாகக் காய்ந்திருந்தது.

"அடியில ஈரமே இல்லையே..." என்று முனகினார்.

"அதைத்தானே நான் தினமும் தொண்டை கிழியச் சொல்றேன்," என்றாள் மனைவி.

கருவியை மேலே நகர்த்தினார். தாழ்ப்பாள் பக்கத்தில், பெயின்ட் உரிந்திருந்த ஓரத்துக்கு வந்ததும் முள் துள்ளியது. தரை துடைக்கிற துணி இவ்வளவு உயரத்துக்கா எட்டிப் பார்க்கும்? இத்தனை நாளும் இவளைக் கரித்துக்கொட்டியதை நினைத்தால் அவருக்கே வெட்கமாக இருந்தது. அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சுவரைத் தட்டிப் பார்த்தார். குழாய் ஓடும் வழியைப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. அறைக்குள் போய்த் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மனைவி துணி உலர்த்த மாடிக்குப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் கூடத்தில் ஏதோ சத்தம். ஈரமானி எட்டிப் பார்த்தார்.

கதவருகே அப்பா நின்றிருந்தார். ஒரு கையில் டம்ளர், மறு கையில் ஒரு துண்டுத் துணி. துணியை நனைத்து நனைத்து, அந்த ஓரத்தில் வைத்துப் பொறுமையாக ஒற்றிக்கொண்டிருந்தார்.

ஈரமானிக்குப் பகீர் என்றது. காலையிலும் நினைப்பு தப்ப ஆரம்பித்துவிட்டதா?

"அப்பா... என்னப்பா பண்றீங்க?" என்றார், குழந்தையிடம் கேட்பதுபோல்.

அப்பா திரும்பினார். கண்ணில் ஒரு கலக்கமும் இல்லை.

"மெதுவாப் பேசுடா. மாடியில மருமக காதுல விழுந்துரப் போகுது."

"நீங்களா கதவை நனைக்கிறீங்க? எதுக்கு?"

"இந்தப் பலகை தண்ணி குடிச்சா உப்பும்னு நீதானே சொன்னே? காலையில குடிக்க வச்சா சாயங்காலம் கெட்டியாப் பிடிச்சுக்குது. நான் இழுத்தா வராது. புதுக் கதவெல்லாம் வேண்டாம்னு சொல்லிடு."

"வெளியே போகாம இருக்கத்தானே பூட்டுப் போட்டேன்? அதை அவ கழட்ட வச்சப்போ நீங்களாவது சொல்லியிருக்கலாமே!"

"பூட்டுப் போட்ட மறுநாள் அவ கையைப் பார்த்தேன். கன்னிப் போயிருந்துச்சு. கதவு இடிச்சிருச்சு மாமான்னா." அப்பா துணியை மறுபடி நனைத்தார். "கதவு இடிச்சா அஞ்சு விரலும் பதியுமாடா?"

ஈரமானி மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தார்.

"சாயங்காலம் ஆனா நான் யாருன்னு எனக்கே தெரியறதில்ல. பூட்டு இருந்தா சாவி அவகிட்ட இருக்கும், அவளத்தான் அடிப்பேன். கதவு இறுகிக்கிட்டா, கதவைத்தானே அடிப்பேன்?"