பின்னால் வந்த பச்சைப் படகு

"மறுபடியும் அதே பச்சைப் படகு, கஸ்தோன்! திரும்பிப் பாரு!"

உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த ஒதீல், கையிலிருந்த கத்தியாலேயே பின்பக்கம் காட்டினாள். பிரான்ஸின் சோன் நதி வளைவில் அந்தப் படகு நிதானமாக வந்துகொண்டிருந்தது. அதில் ஒரே ஒரு ஆள். கண்ணில் பைனாகுலர்.

அவள் கணவர் கஸ்தோன் சுக்கானைப் பிடித்தபடி நின்றார். திரும்பவே இல்லை. "ஆறு என்ன நம்ம வீட்டுக் கொல்லையா? லியோனுக்குப் போறவங்க எல்லாரும் இந்த வழியாத்தான் வரணும்."

"வரட்டும். நாம நிறுத்தற இடத்துல எல்லாம் அவனும் எதுக்கு நிறுத்தறான்?"

கிளம்பியதிலிருந்தே அப்படித்தான். தூர்னுவில் சந்தைக்காக இறங்கினார்கள், அவனும் இறங்கினான். ஒதீல் ஆட்டுப்பால் சீஸ் வாங்கும்வரை இரண்டு கடை தள்ளி நின்றான். எதுவும் வாங்கவில்லை. பார்த்ததெல்லாம் கஸ்தோனைத்தான்.

"இந்தப் பக்கம் படகுல ஏறித் திருடறாங்களாம். ரொட்டிக் கடைக்காரி சொன்னா."

"நம்மகிட்ட திருட என்ன இருக்கு? உன்னோட அடிப்பிடிச்ச வாணலியா?" கஸ்தோன் சிரித்தார். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது.

திராசேயில், படகுகளைக் கீழ்மட்டத்துக்கு இறக்கிவிடும் மதகு வந்தது. கஸ்தோன் வயர்லெஸ்ஸை எடுத்தார். "வணக்கம். கீழே இறங்கணும். ரெண்டு படகு."

ஒதீல் சட்டென்று பின்னால் பார்த்தாள். ஆற்றில் ஒரு வாத்துக் கூட்டத்தைத் தவிர ஒன்றுமில்லை. மதகுக்காரர் கதவைச் சாத்தாமல் காத்திருந்தார். வெகுநேரம் கழித்துத்தான் வளைவில் பச்சை தெரிந்தது.

"உனக்கு அவனைத் தெரியும்" என்றாள் ஒதீல்.

"யாரை?"

"நடிக்காதே. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உன் முதுகைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிக்கிறவ நான்."

"ஏதோ வாய் தவறி வந்துடுச்சு. விடேன்."

அவள் விட்டாள். மனசு விடவில்லை. லியோனில் இருக்கும் மகளைப் பார்க்க வருஷா வருஷம் ரயிலில்தான் போவார்கள். இந்தத் தடவை மட்டும், "ஒரு தரம் ஆத்து வழியா போயிடலாம்" என்று பிடிவாதம் பிடித்தவர் இவர்தான். கிளம்புவதற்கு முந்தைய வாரம் முழுக்க, அவள் அறைக்குள் வந்தாலே போனை வைத்துவிடுவார். வெளியே சொல்ல முடியாத என்ன வம்பில் மாட்டிக்கொண்டிருக்கிறார்?

அன்று அவள் சமைத்த மீனை இருவருமே சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் மத்தியானம் லியோன் வந்தது. மலைமேல் இருந்த வெள்ளைத் தேவாலயத்தைக் கஸ்தோன் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கயிற்றை அவள் கையில் கொடுத்தார்.

"நீயே கட்டிடு. கொஞ்சம் அசதியா இருக்கு, படுக்கறேன்."

அவர் உள்ளே போன கையோடு பச்சைப் படகும் வந்து, பின்னாலேயே கரையை ஒட்டி நின்றது. ஒதீல் கயிற்றை இறுக்கிக் கட்டினாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு நேராக அவனிடம் போனாள்.

"யாருப்பா நீ? என் புருஷன்கிட்ட உனக்கு என்ன வேலை? ஒழுங்கா சொல்லு. இல்லேன்னா இங்கேயே போலீஸைக் கூப்பிடுவேன்."

அவன் கோபப்படவில்லை. முப்பது வயது இருக்கலாம், தூங்காத முகம். பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றினான். கஸ்தோன் படுத்திருந்த அறையின் ஜன்னலை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"நான் நர்ஸ், மேடம். ஆத்து வழியா வரவே கூடாதுன்னு டாக்டர் சொன்னார், இவர் கேக்கல. ஒரே படகுல வரேன்னு நான் சொன்னேன், அதுக்கும் ஒத்துக்கல. உங்களுக்கு சந்தேகம் வந்துடுமாம்."

ஒதீல் எதுவும் புரியாமல் நின்றாள். அவளைப் பார்க்கப் பார்க்க அவன் முகம் வெளிறியது.

"ஐயோ மேடம்... நாளைக்கு இதய ஆபரேஷன்னு அவர் இன்னும் உங்ககிட்ட சொல்லலையா?"