மாடியில் ஒரு பேட்டி

கொல்கத்தாவின் டாலிகஞ்சில் பெண் பார்க்கப் போன ராஜவேலிடம், மொட்டை மாடியில் அகிலா தனியாகப் பேசினாள்.

"அச்சா, ஹார்பர்ல வேலை, சரி. ராக் பேண்டுல கிட்டாரும் வாசிக்கிறீங்களாமே?"

இதே கேள்வியில்தான் முந்தைய இரண்டு வரன்களும் தட்டிப்போயின. ஆனாலும் அவனுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"ஆமாங்க, பத்து வருஷமா. முதல்ல கோயில் கச்சேரி, அப்புறம் பெங்காலிக்காரங்க துர்கா பூஜை மேடை, இப்ப ராக்."

"கல்யாணத்துக்கு அப்புறம்?"

"விட மாட்டேங்க."

அகிலா விறுவிறுவென்று கீழே இறங்கினாள். இந்த வரனும் போச்சு என்று நினைத்தபடி ராஜவேல் பின்னாலேயே இறங்கினான்.

கூடத்தில் அவள் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"எனக்குச் சம்மதம்பா! நான் பேண்டுல டிரம்ஸ் அடிக்கிறதை இனிமே யார்கிட்டயும் மறைக்க வேணாம்!"