எட்டுப் பேர் துக்கம்

இன்று மாலை வகுப்புக்குப் போகவில்லை. ஏழாம் மாடி பிலோமினா அம்மாள் காலமானதால், துக்கம் விசாரிக்கும் எட்டு உறுப்பினர்களில் ஒருவனாகக் குடியிருப்புச் சங்கம் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தது. அவரை உயிரோடு நான் பார்த்ததே இல்லை. எட்டுப் பேருக்கு மேல் விடக்கூடாது என்பது சங்க விதி; எட்டாவது ஆளாக நான் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. இருபது நிமிடம் உட்கார்ந்தால் கடமை முடிந்தது.

பன்னிரண்டாம் நிமிடம் எதிர்வீட்டு மைமூன் அக்கா கதவைத் தட்டினார். பதினோரு வருடமாக அந்த அம்மாளோடு சேர்ந்தே மதியச் சாப்பாடு சாப்பிட்டவர்.

"எட்டுப் பேர் ஆயிடுச்சாம் மைமூனு, கதவு தொறக்க மாட்டேங்குது" என்றார் பிலோமினாவின் கணவர்.

"அப்ப யாராவது ஒருத்தர் எழுந்து வெளிய வாங்கப்பா. அவளைக் கொண்டுபோக கீழ வண்டி வந்துருச்சு."

நான் எழலாமா என்று சந்தேகம் வந்தது. உடனே கைப்பேசியில் விதிகளைப் படித்தேன். பாதியில் ஒருவர் எழுந்தால் கதவு திறக்கும்; ஆனால் அவருக்குச் சங்கத் தேர்தலில் ஓராண்டு வாக்குரிமை போய்விடும். நான் ஒரு தடவைகூட வாக்களித்ததில்லை. இருந்தாலும் எழவில்லை. மற்ற ஏழு பேரும் அதே பக்கத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"கதவுப் பக்கத்துல உக்காந்திருக்கிறது யாருப்பா?" என்றார் அக்கா.

"நான்தான்க்கா. ஆறாம் மாடி."

"அவ முகம் எப்படி இருக்குன்னாவது சொல்லு தம்பி."

அதுவரை நான் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த அம்மாளின் பக்கம் திரும்பினேன்.